நான் பாஸ் போட்ட பதினேழாம் பேனல்

ஜூலை 7, திங்கள்

காலையிலிருந்தே வெயில். மேற்கிலிருந்து மண்ணோடு காற்று. கம்பெனி பஸ்ஸில் ஜன்னலைச் சாத்தினால் புழுக்கம், திறந்தால் கண்ணில் தூசி. திறந்தே வைத்தேன்.

நேற்று போனில் நைனா மறுபடியும் கேட்டார். "ரேணிகுண்டாவுல இன்னாதாம்மா வேல உனக்கு? கேக்கறவங்களுக்கு இன்னான்னு சொல்றது?" சொல்ல வரவில்லை. இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

நைனா, விமானத்தின் வால் பக்கம் ஒரு சிறகு இருக்கிறதே, அதன் மேல்தோல் இரும்பு இல்லை, தகரம் இல்லை. பசை ஊறிய கார்பன் துணி. பதினாறு அடுக்கு. ஒன்றன்மேல் ஒன்றாகக் கையால் வைத்து, பெரிய அடுப்பில் அழுத்தம் கொடுத்து வேகவைப்பார்கள். வெளியே வரும்போது கறுப்பாக, கண்ணாடி மாதிரி. கண்ணால் பார்த்து ஒரு குறையும் சொல்ல முடியாது. நான் அதன்மேல் ஜெல் தடவி, ப்ரோப் என்ற சின்னக் கருவியை வைத்து, காதுக்குக் கேட்காத ஒலியை உள்ளே அனுப்புகிறேன். அது அடிப்பக்கம் வரை போய்த் திரும்ப வேண்டும். பாதியிலேயே திரும்பினால் நடுவில் ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். அவ்வளவுதான் வேலை.

இதைச் சொன்னாலும் "அப்ப நர்ஸ் மாதிரியா?" என்பார்.

அந்த மேல்தோலுக்குத்தான் பேனல் என்று பெயர். இன்று பேனல் 23. மணி 11.15. வலது பின்மூலையில் ஒலி சீக்கிரம் திரும்பியது. ப்ரோபை நகர்த்தினேன், சரியானது. பழைய இடத்துக்கு வந்தேன், மறுபடியும். ஜெல்லைத் துடைத்துப் புதிதாகத் தடவிப் பார்த்தேன். அதே. காற்றுக் குமிழி என்றால் ஓரம் மங்கலாக இருக்கும். இது ஒரு பக்கம் ஸ்கேல் வைத்து வெட்டின மாதிரி நேராக. மஞ்சள் பென்சிலால் வட்டம் போட்டேன். ஆழம் கணக்கு: ஏழாம் அடுக்குக்கும் எட்டாம் அடுக்குக்கும் நடுவில்.

பதிவுத்தாளில் பார்த்தேன். அடுக்கு 5 முதல் 8 வரை வைத்தவர்: ராஜேஸ்வரி.

ராஜி.

மதியம் அவளோடுதான் சாப்பாடு. எப்போதும் போல. இந்தக் கம்பெனியில் மூன்று வருஷமாக எனக்கு அவள் ஒருத்திதான். புத்தூரிலிருந்து ரயிலில் வருகிறவள், என்னைவிட ஆறு வயது சின்னவள், வாய் ஓயாது. இன்று களியும் வேர்க்கடலைச் சட்னியும் கொண்டுவந்திருந்தாள்.

"இன்னாக்கா, துன்னாம என் மூஞ்சியையே பாத்துக்கினு கீற?"

"ஒன்னுமில்ல. தலைவலி."

"அந்த ஸ்கேன் டிவிய எத்தன மணி நேரம்தான் பாப்ப. இந்தா, சட்னி இன்னும் கொஞ்சம் போட்டுக்க."

போட்டுக்கொண்டேன். ரிப்போர்ட் எழுதும் முன் தயாரிப்பு ஆட்களிடம் அதைப் பற்றிப் பேசக்கூடாது என்று விதி. விதி இருந்தது வசதியாகப் போயிற்று.

ஜூலை 8, செவ்வாய்

மேகம். மழை இல்லை.

பேனலைத் திருப்பிப்போட்டுப் பின்பக்கத்திலிருந்து ஸ்கேன். அதே இடம், அதே வடிவம், கண்ணாடியில் பார்த்த மாதிரி திரும்பி. சந்தேகமே இல்லை.

மேனேஜர் சீனிவாசுலு சார் அறைக்கு வந்தார். நல்ல மனிதர். தமிழும் தெலுங்கும் கலந்தே பேசுவார்.

"சுகுணாம்மா, இதி மெஷின் நாய்ஸ் காதா? வெறும் இரைச்சல் இல்லயா?"

"இல்ல சார். ரெண்டு பக்கமும் பாத்தாச்சு."

"சனிவாரம் டிஸ்பேட்ச் உந்திம்மா. சனிக்கிழமை அனுப்பணும்."

"தெரியும் சார்."

திரையையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "சரே. ராயண்டி. எழுதுங்க," என்றார்.

ரிஜெக்ட் என்று எழுதினேன். கையெழுத்து, முத்திரை. முத்திரையில் என் எண் மட்டும். பெயர் இருக்காது.

மூன்று மணிக்கு ராஜியைக் கூப்பிட்டார்கள். இருபது நிமிஷம். வெளியே வந்தவள் நேராக என் அறை வாசலுக்கு வந்தாள். தலையில் துணிக்குல்லாய், கையுறையைக்கூடக் கழற்றவில்லை.

"நீதானாக்கா எழுதுன?"

"ஆமா."

"நேத்து மத்தியானமே உனுக்குத் தெரியுமா?"

"ரிப்போர்ட் இன்னிக்குத்தான் போட்டேன்."

"நான் அத கேக்கல."

போய்விட்டாள்.

சாயந்திரம்: சலவை சோப்பு, பால், தீப்பெட்டி. தீப்பெட்டி மறந்தது.

ஜூலை 9, புதன்

மதியம் கேன்டீனில் தனியாக. என் மேஜையில் நான்கு நாற்காலி. மூன்று காலி. ராஜி அடுக்குப் பிரிவுப் பெண்களோடு அந்தக் கோடியில். நான் உள்ளே போனதும் பேச்சு குறைந்தது. தண்ணீர் பிடிக்கும்போது பின்னால் ஒருத்தி இன்னொருத்தியிடம்: "ஆமெத்தோ ஜாக்கிரத்தகா உண்டவே." அவளிடம் ஜாக்கிரதையாக இரு என்று. எனக்குத் தெலுங்கு தெரியாது என்று நினைத்தாளோ, தெரியட்டும் என்று நினைத்தாளோ.

இன்று என்னிடம் பேசியவர்கள்:
கேட் செக்யூரிட்டி. "பேக் திறங்க மேடம்."
கேன்டீன். "சாம்பாரா, ரசமா?"
மேனேஜர். பேனலை நாளை வெட்டிப் பார்க்கப் போகிறோம் என்று.
போனில் ரிக்கார்டிங் குரல்.

ராத்திரிச் சமையல் வேண்டாம். அவல்.

ஜூலை 10, வியாழன்

23ஐ வெட்டினார்கள். அவ்வளவு வேலை செய்து கட்டிய பொருளை ரம்பத்தில் கொடுப்பது பார்க்கக் கஷ்டம். நான் தப்பாகச் சொல்லியிருந்தால் நல்ல பேனல் ஒன்று குப்பைக்கு. வெட்டுகிற சத்தம் முழுவதும் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

தப்பாகச் சொல்லவில்லை. மஞ்சள் வட்டத்துக்குள் அடுக்கைப் பிரித்ததும் ஒரு பிளாஸ்டிக் துண்டு. விரல் நீளம், ஓரம் நேராக. கார்பன் துணி ரோலின்மேல் பாதுகாப்புக்கு ஒட்டியிருக்கும் மெல்லிய தாள். ஒவ்வோர் அடுக்கையும் வைத்தவுடன் உரித்து எடுக்க வேண்டியது. ஒரு துண்டு கிழிந்து உள்ளேயே தங்கிவிட்டது. அந்த இடத்தில் ஏழும் எட்டும் ஒட்டவே இல்லை. வானத்தில் அழுத்தம் ஏற இறங்க அந்தப் பிளவு வளரும்.

மேனேஜர் இடுக்கியால் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். கண்ணுக்கே தெரியவில்லை. நிறமில்லாத தாள்.

"முன்ன நீலமா இருக்குமே சார்," என்றேன்.

ஸ்டோரில் விசாரித்தோம். பழைய ரோல்களின் மேல்தாள் நீலம். கறுப்புத் துணிமேல் பளிச்சென்று தெரியும். புதிதாக வந்தவற்றில் வெறும் கண்ணாடித் தாள், சட்டென்று கிழிகிற ரகம். பேனல் 14லிருந்து புதிய ரோல். மாறினதை யாரும் யாருக்கும் சொல்லவில்லை.

"பதினாலு முதல் இருபத்திரண்டு வரை நீங்கதான் பாத்து பாஸ் போட்டீங்க. அதனால பயம் லேது," என்றார் மேனேஜர். முகத்தில் நிம்மதி.

எனக்கு அந்த நிம்மதி வரவில்லை. ஏன் என்று அப்போது தெரியவில்லை.

சாயந்திரம் கேட்டில் கேட்டது: ராஜியை சனிக்கிழமையிலிருந்து வரவேண்டாம் என்று கான்டிராக்டர் சொல்லிவிட்டாராம்.

ஜூலை 11, வெள்ளி

மழை, காலை கொஞ்சம். மலை முழுக்க மேகம் மூடி.

யாரும் சொல்லாமலே பழைய ஸ்கேன் படங்களை எடுத்தேன். ஒன்பது பேனல். எல்லாம் கம்ப்யூட்டரில் இருக்கிறது. 14, சுத்தம். 15, சுத்தம். 16, சுத்தம்.

17. இடது ஓரம். சின்னதாக ஒரு அடையாளம். பக்கத்தில் என் குறிப்பு: "ஓரத்து எதிரொலி. ஏற்கலாம்."

பெரிதாக்கிப் பார்த்தேன். ஓர எதிரொலி ஓரத்தோடு ஒட்டிப் போகும். இது ஓரத்தைவிட்டு விலகி நிற்கிறது. ஒரு பக்கம் நேராக.

மீதி ஐந்தும் பார்த்தேன். சுத்தம். மறுபடியும் 17. எத்தனை முறை பார்த்தாலும் அதே.

வீட்டுக்கு வந்து இந்த நோட்டையே புரட்டினேன். அன்று எனக்கு என்ன ஆயிருந்தது? உடம்பு சரியில்லையா? கோர்ட்டிலிருந்து விவாகரத்துப் பேப்பர் வந்த வாரமா? ஏதாவது இருக்கும் என்று தேடினேன். மே 22, வியாழன்: "மூன்று பேனல். சாயந்திரம் மழை. முட்டை தோசை." அவ்வளவுதான். நல்ல நாள். காரணமே இல்லை. சும்மா பார்க்கத் தவறியிருக்கிறேன்.

17 போய் ஆறு வாரம் ஆகிறது.

இன்னொன்று. 17இன் பதிவுத்தாளையும் பார்த்தேன். அந்த இடத்து அடுக்கை வைத்தது மஞ்சுளா, ராஜியோடு வேலை செய்கிறவள். ராஜி அந்த வாரம் முழுக்க லீவு. தங்கைக்குக் கல்யாணம் என்று போயிருந்தாள். அப்படியானால் இது ராஜியின் கவனக்குறைவு இல்லை. தாளின் கோளாறு. யார் வைத்தாலும் நடக்கும்.

இதை நிரூபிக்க என்னிடம் இருப்பது ஒன்றுதான். என் தப்பு.

ஜூலை 12, சனி

அரை நாள். ராஜி வரவில்லை.

மேனேஜரை இரண்டு முறை பார்த்தேன். முதல் முறை, "கையுறை தீந்துபோச்சு சார்" என்றேன். இரண்டாவது முறை அதுகூட இல்லை. வணக்கம் மட்டும்.

மத்தியானம் திருப்பதியிலிருந்து சித்தூர் பஸ், தம்பி வீட்டுக்கு. பாதிப் பேர் மொட்டையடித்து சந்தனம் பூசின தலை. என் பக்கத்து இருக்கையில் ஒரு கிழவர், மடியில் லட்டுப் பை. புத்தலப்பட்டு தாண்டினதும் பஸ் நின்றது. மாம்பழ டிராக்டர்கள் ஜூஸ் ஃபேக்டரி வரை வரிசை. டிரைவர்கள் நிழலில் சீட்டாடிக்கொண்டு. ஒருவன் போனில் கத்திக்கொண்டிருந்தான்: "ரெண்டு நாளா நிக்கிறம்பா, காய் அழுகுது, உள்ள வுடமாட்டேன்றான்!"

முக்கால் மணி நேரம் நின்றோம். பழ வாசனையும் டீசல் புகையும். ராஜிக்குப் போன் செய்தேன். மணி அடித்து நின்றது. இன்னொரு முறை செய்யவில்லை.

ஜூலை 13, ஞாயிறு. சித்தூர்

தம்பி தயாளன் வீடு. தம்பி லாரி எடுத்துக்கொண்டு ஹோசூர் போயிருந்தான். நைனாவுக்குக் கால் வீக்கம் குறைந்திருக்கிறது. தம்பி மனைவி கீதா கோழி எடுத்திருந்தாள்.

"அண்ணி, இளைச்சுப் போயிட்டீங்க. தனியா ஆக்கித் துன்னா அப்டித்தான். இங்கியே வந்துருங்களேன். இங்க இல்லாத ஃபேக்டரியா?"

"இங்க இருக்கறது மாம்பழ ஃபேக்டரிம்மா."

"மாம்பழத்துலகூட வண்டு இருக்குதா இல்லியான்னு பாக்க ஆள் வேணுமில்ல?" அவளே சிரித்தாள். நானும்.

சாப்பாட்டுக்குப் பிறகு நைனா கட்டிலில் படுத்துக்கொண்டார். பக்கத்தில் உட்கார்ந்தேன். சொல்லலாம் என்று தோன்றியது. "நைனா, நான் ஒரு தப்பு பண்ணிட்டேன்," என்றேன்.

"இன்னாம்மா?"

"ஒரு பொருளைச் சரியா பாக்காம அனுப்பிட்டேன்."

"திருப்பி அனுப்பிட்டாங்களா?"

"இல்ல. அவங்களுக்கு இன்னும் தெரியாது."

"அப்ப நல்லதுதான்," என்றார், கண்ணை மூடிக்கொண்டே. கொஞ்ச நேரத்தில் குறட்டை. விசிறியின் சத்தத்தில் அது மேலும் கீழும் போய்க்கொண்டிருந்தது. அவருக்கு எந்தப் பொருள் என்று தெரியாது. நானும் சொல்லவில்லை. பிறகு அவரை எழுப்பி என்ன சொல்வது.

ஆறு மணி பஸ்ஸில் திருப்பதி. கீதா கொடுத்த குழம்பு தூக்கில். இறங்கும்போது பஸ் ஸ்டாண்டில் நடக்க இடமில்லை, அவ்வளவு கூட்டம். அத்தனை பேரில் எனக்குத் தெரிந்த முகம் ஒன்றும் இல்லை.

ஜூலை 14, திங்கள்

காலை 8.10. மேனேஜர் அறைக் கதவைத் தட்டினேன். கையில் 17இன் படம், பிரின்ட் எடுத்தது.

"சார், பதினேழை நான் தப்பா பாஸ் போட்டுட்டேன்."

முதலில் புரியவில்லை அவருக்கு. படத்தை மேஜைமேல் வைத்து விரலால் காட்டினேன். கண்ணாடியை மாட்டினார், கழற்றினார். எழுந்து போய்க் கதவைச் சாத்தினார்.

"ஓர எதிரொலின்னு எழுதிருக்கீங்களே."

"எழுதினேன். அது இல்ல சார் இது."

"கச்சிதமா தெலுசா? நூறு சதவீதம்?"

"நூறு சொல்ல முடியாது. மறுபடியும் ஸ்கேன் பண்ணாத்தான் தெரியும். ஆனா இன்னிக்கு இந்தப் படம் வந்தா நான் பாஸ் போடமாட்டேன்."

படத்தை மேஜைமேல் கவிழ்த்து வைத்தார்.

"அம்மா, இது வெளிய போனா மொதல்ல உங்க முத்திரைதான் போகும். அப்புறம் கம்பெனி பேரு. நீங்க வந்து சொல்லலன்னா எவ்வருக்கும் தெரியப்போறதில்ல. யோசிச்சுத்தான் சொல்றீங்களா?"

"மூணு நாளா யோசிச்சேன் சார். அது பறக்குமே."

வேறு நிறைய சொல்ல வேண்டும் என்று பஸ்ஸிலேயே தயார் செய்திருந்தேன். ராஜி, மஞ்சுளா, புதிய தாள், வரிசையாக. வாயில் வந்தது அது மட்டும். மீதியைப் பிறகுதான் சொன்னேன், குழப்பிக் குழப்பி.

அவர் விமானம் கட்டும் பெங்களூர் கம்பெனிக்குப் போன் போட்டார். நான் நின்றுகொண்டே இருந்தேன். பேனல் விமானத்தில் ஏற்கெனவே பொருத்தியாகிவிட்டது. வியாழக்கிழமை முதல் சோதனை ஓட்டம். பைலட் இரண்டு பேர் உட்கார்ந்து போவார்கள்.

"ஹோல்டு பண்ணுங்க," என்றார் மேனேஜர் போனில். மூன்று முறை சொன்னார். மூன்றாவது முறை கத்தினார்.

வெளியே வந்தேன். பாத்ரூமில் பத்து நிமிஷம்.

ஜூலை 16, புதன்

ஓட்டம் தள்ளிவைப்பு. பேனலைக் கழற்றி லாரியில் அனுப்பியிருக்கிறார்கள். பழமனேர், சித்தூர் வழி. என்னிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. ஸ்கேன் அறைக்குள் போக வேண்டாம் என்று மட்டும் மெயில். ஃபைல் அடுக்கினேன். 2019லிருந்து.

ராஜிக்கு இரண்டு முறை போன். எடுக்கவில்லை. எழுதி அனுப்பலாம் என்று டைப் செய்தேன், அழித்தேன். இதையெல்லாம் வாட்ஸப்பில் எப்படி எழுதுவது.

ஒரு எண்ணம் வருகிறது. வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன். 17இல் ஒன்றும் இல்லாமல் போகட்டும் என்றும் ஆசை. இருக்கட்டும் என்றும் ஆசை. இல்லாவிட்டால் நான் முட்டாள், ராஜி குற்றவாளி. இருந்தால் நான் குற்றவாளி.

ஜூலை 18, வெள்ளி

சென்னையிலிருந்து ஒரு சீனியர் இன்ஸ்பெக்டர். வயது அறுபது இருக்கும், அதிகம் பேசாதவர். நான் கண்ணாடிக்கு வெளியே நிற்கலாம், உள்ளே வரக்கூடாது. என் நாற்காலியில் உட்கார்ந்து, என் மெஷினில், நான் பாஸ் போட்ட பேனலை அவர் பார்ப்பதை நான் பார்த்தேன்.

இடது ஓரத்துக்கு வந்ததும் அவர் கை நின்றது. திரும்பி என்னைப் பார்க்கவில்லை. மஞ்சள் பென்சிலை எடுத்தார்.

இருந்தது. என் படத்தில் தெரிந்ததைவிடப் பெரிது. கட்டை விரல் அகலம், அதைப்போல இரண்டு பங்கு நீளம். கழற்றி ஏற்றியதில் வளர்ந்ததா, முதலிலேயே அவ்வளவா, சொல்ல முடியாது என்றார்.

மத்தியானம் வெட்டினார்கள். கண்ணாடித் தாள்.

போகும்போது வராந்தாவில் என்னிடம், "எத்தனை வருஷமா பண்றீங்க?" என்றார்.

"பதிமூணு."

"ம்." அவ்வளவுதான். திட்டவும் இல்லை, ஆறுதலும் இல்லை. கார் வந்தது, ஏறிப் போனார். ஏதாவது ஒன்று சொல்லியிருக்கலாம்.

ஜூலை 20, ஞாயிறு

புத்தூர். ரயிலில் நின்றுகொண்டே. ராஜி வீடு ஸ்டேஷனிலிருந்து பத்து நிமிஷம், விசைத்தறி ஓடும் தெரு. விசாரித்துத்தான் போனேன். மூன்று வருஷம் அவள் சாப்பாட்டைத் தின்றிருக்கிறேன், வீடு தெரியாது.

வாசலில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் கையிலிருந்த பாவாடையை உதறினாள். உதறிக்கொண்டே இருந்தாள்.

"பதினேழுலயும் தாள் இருந்துது, ராஜி. மஞ்சுளா வெச்சது. நான்தான் பாக்காம வுட்டது. உன் மேல தப்பு இல்லன்னு சாரே சொல்லிட்டாரு. உன்ன திரும்பக் கூப்புடுவாங்க."

"மஞ்சுளா போன் பண்ணிச்சு. தெரியும்."

"அப்ப ஏன் என் போனை எடுக்கல?"

பாவாடையைக் கயிற்றில் போட்டு க்ளிப் மாட்டினாள்.

"அக்கா, நீ எழுதுனது தப்புன்னு நான் ஒரு நாளும் சொல்லல. அது உன் வேல. தாள் உள்ள கீதுன்னா எழுதித்தான் ஆவணும். என் கைதானே வெச்சுது. நான் அழுதது அதுக்கில்ல."

"பின்ன?"

"அன்னிக்கு மத்தியானம் உனுக்குத் தெரியும். தெரிஞ்சிக்கினே என் பக்கத்துல குந்திக்கினு என் களியத் துன்னியே. சட்னி வேற கேட்டு வாங்குன."

நான் கேட்கவில்லை, அவள்தான் போட்டாள். அதைச் சொல்லவா முடியும்.

"ரூல் இருக்கு ராஜி, ரிப்போர்ட்டுக்கு முன்னால..."

"ரூல் இருந்தா அன்னிக்கு வேற எடத்துல போய் குந்தியிருக்கலாம். வயித்து வலின்னு சொல்லியிருக்கலாம். நான் லூசு மாதிரி தங்கச்சி வூட்டுக் கதையெல்லாம் சொல்லிக்கினு கீறேன், நீ என் மூஞ்சியப் பாத்துக்கினு கீற."

பக்கத்து வீட்டில் தறி ஓடிக்கொண்டிருந்தது. அது நிற்கட்டும் என்று காத்திருப்பவர்கள் மாதிரி இரண்டு பேரும் நின்றோம். நிற்கவில்லை.

"தண்ணி குடிக்கிறியா?" என்றாள் கடைசியில்.

குடித்தேன். சொம்பை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். திரும்பி வரவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கிளம்பினேன்.

3.20 ரயில் தாமதம். பிளாட்பாரத்தில் வேர்க்கடலை வாங்கினேன், திறக்கவில்லை.

ஜூலை 24, வியாழன்

கடிதம் வந்தது. முத்திரையை ஒப்படைக்க வேண்டும். அக்டோபரில் சென்னையில் மறுபடியும் செய்முறைத் தேர்வு. தேறினால் திரும்பக் கிடைக்கும். அதுவரை நான் ஸ்கேன் செய்யும் எதிலும் என் கையெழுத்து செல்லாது.

தானாக முன்வந்து சொன்னதால் நடவடிக்கை இவ்வளவோடு என்று ஒரு வரி. கடிதத்திலேயே நல்ல வரி அதுதான். இரண்டு முறை படித்தேன்.

மேனேஜர்: "பாதபடக்கண்டி அம்மா, வருத்தப்படாதீங்க. மூணு மாசம்தான்."

முத்திரையைக் கவரில் போட்டு ஒட்டினேன். மேஜை டிராயரில் அது இருந்த இடத்தில் மட்டும் தூசி இல்லை.

கீதாவுக்குப் போன் செய்தேன். குக்கர் விசில் சத்தத்தில் அவளுக்குச் சரியாகக் கேட்கவில்லை. அப்புறம் பேசுகிறேன் அண்ணி என்றாள்.

ஜூலை 29, செவ்வாய்

ஒன்றுமில்லை. ஃபைல். மழை. அவல்.

பெங்களூரில் புதிய பேனல் பொருத்தி ஓட்டம் முடிந்துவிட்டதாம். நன்றாகப் பறந்ததாம். மேனேஜர் வராந்தாவில் யாரிடமோ சொன்னது காதில் விழுந்தது. என்னிடம் சொல்லவில்லை. மறந்திருப்பார்.

ஆகஸ்ட் 4, திங்கள்

ராஜி வந்துவிட்டாள். அடுக்குப் பிரிவிலேயே. குல்லாயைச் சரிசெய்துகொண்டு எனக்கு எதிரே வந்தாள், தலையை லேசாக அசைத்தாள், போனாள்.

புதிய முறை: உரிக்கும் ஒவ்வொரு மேல்தாளையும் குப்பையில் போடக்கூடாது. ஒரு வெள்ளைப் பலகையில் வரிசையாக ஒட்ட வேண்டும். பதினாறு அடுக்குக்குப் பதினாறு தாள், கிழியாமல், முழுசாக. இரண்டு பேர் தனித்தனியாக எண்ண வேண்டும். எண்ணிக்கை ஒத்துப்போனால்தான் பேனல் அடுப்புக்குப் போகும். எண்ணும் இரண்டாவது ஆள் நான். முத்திரை வேண்டாத வேலை.

பலகைக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவள்.

"பதினாறு," என்றாள்.

"பதினாறு," என்றேன்.

இன்று எங்கள் பேச்சு முழுவதும் இதுதான். இரண்டு பேனல், ஆக நான்கு வார்த்தை.

ஆகஸ்ட் 6, புதன்

வெயில். காலையில் கரண்ட் இல்லை, ஜெனரேட்டர். பேனல் 31.

மதியத்துக்குச் சற்று முன் எண்ணிக்கை. "பதினஞ்சு," என்றாள் ராஜி. குரல் மாறியது. நானும் எண்ணினேன். பதினைந்து. இன்னொரு முறை. பதினைந்தேதான். அப்படியானால் ஒன்று உள்ளே. பதினாறு அடுக்கையும் பிரிக்க வேண்டும், துணியெல்லாம் வீண்.

அவள் முகம் வெளுத்துவிட்டது. மேஜைக்கு அடியில் தேடினாள், குப்பைக்கூடையைக் கவிழ்த்தாள், ரோலைச் சுற்றிப் பார்த்தாள். நான் தேடவில்லை. அவளையே பார்த்தேன். அவள் மேஜைக்கு அந்தப் பக்கம் குனிந்தபோது டியூப்லைட் வெளிச்சத்தில் அவள் முதுகுப் பக்கம் ஏதோ மின்னியது. இடது முழங்கைக்குப் பின்னால், கோட்டுத் துணியில் சுருண்டு ஒட்டிக்கொண்டு, முழுசாக.

"ராஜி. அசையாத."

நின்றாள். நான் பலகையைச் சுற்றிப் போய், முழங்கையைப் பிடித்து, இரண்டு விரலால் மெதுவாக உரித்தேன். கிழியவில்லை.

பலகையில் கடைசி இடத்தில் ஒட்டினேன். இரண்டு பேரும் முதலிலிருந்து எண்ணினோம், சத்தமாக, சேர்ந்து.

"பதினாறு."

பதிவுத்தாளில் எழுதினேன். அவள் கையெழுத்துப் போட்டாள். என் பெயருக்கு எதிரே இருந்த கட்டத்தைப் பார்த்தாள். பேனாவை என் பக்கம் நீட்டினாள்.

"இதுல நீ போடலாமில்ல?"

"போடலாம்."

போட்டேன். சாப்பாட்டு பெல் அடித்தது. அவள் கை கழுவப் போனாள். நான் கேன்டீனில் என் நான்கு நாற்காலி மேஜைக்கு.